ரேங்க் 2 ஸ்பெஷல் உல்ரிக் பண்டில்: எந்தப் பரப்பில் உண்டு, எதில் இல்லை?

அரைப்புள்ளி:

வணக்கம். இயற்கணிதப் பரப்புகளில் வெக்டர் பண்டில்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து உல்ரிக் பண்டிலில் வந்து நிற்கிறேன். வரையறை புரிகிறது. ப்ரொஜெக்டிவ் வெளிக்குள் ஒரு ஸ்மூத்தான பரப்பு, அதன் ஹைப்பர்பிளேன் வகுப்பு எச். பண்டில் ஈ உல்ரிக் என்றால் ஈ(−எச்), ஈ(−2எச்) இரண்டுக்கும் பூஜ்யாவது, முதல், இரண்டாவது என எல்லாக் கோஹோமாலஜியும் பூஜ்யமாக வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் பரப்புகளைப் பற்றிய கட்டுரை எதைத் திறந்தாலும் "ஸ்பெஷல் உல்ரிக்" என்று ஒன்று வந்துவிடுகிறது: ரேங்க் 2, டிடர்மினன்ட் கே + 3எச் (கே என்பது கானோனிக்கல் வகுப்பு). இந்த 3 எங்கிருந்து வந்தது? ரேங்க் 1 ஏன் போதவில்லை? எல்லாப் பரப்பிலும் இது உண்டா? கையால் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு உதாரணமும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

நேர்கோடு:

முதலில் வரையறைக்கு ஒரு உருவம் கொடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெறும் பூஜ்யப் பட்டியலாகத்தான் தெரியும். பரப்பின் படி டி என்று வைத்துக்கொள்வோம். அதை நேரியல் முறையில் ஒரு ப்ரொஜெக்டிவ் தளத்தின் மேல் வீழ்த்தினால், தளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே டி புள்ளிகள் இருக்கும். பண்டிலையும் கூடவே கீழே தள்ளுங்கள். கீழே கிடைப்பது ரேங்க் × டி அளவுள்ள ஒரு பண்டில். அது முழுக்க ட்ரிவியலாக இருந்தால் மேலே இருந்தது உல்ரிக். அந்தப் பூஜ்யப் பட்டியல் சொல்வதும் இதையேதான். ஆகவே உல்ரிக் பண்டிலுக்கு எத்தனை செக்‌ஷன் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: ரேங்க் × டி.

பெயர் பெர்ண்ட் உல்ரிக்கிடமிருந்து வந்தது. 1984-இல் அவர் பார்த்தது வளையங்களையும் மாட்யூல்களையும்தான். கோஹென்-மெக்காலே மாட்யூலுக்கு அதிகபட்சம் எத்தனை ஜெனரேட்டர் இருக்கலாம் என்பது கேள்வி. 2003-இல் ஐசன்பட்டும் ஷ்ரேயரும் இதை வடிவியலுக்குக் கொண்டுவந்து, "ஒவ்வொரு ப்ரொஜெக்டிவ் வெரைட்டியிலும் உல்ரிக் ஷீஃப் உண்டா?" என்று கேட்டார்கள். வளைவரைகளில் பதில் சுலபம். ஜீனஸ் ஜி என்றால், படி ஜி−1 உள்ள பொதுவான லைன் பண்டிலுக்கு எந்தக் கோஹோமாலஜியும் கிடையாது. அதை எச்-ஆல் ட்விஸ்ட் செய்தால் உல்ரிக் தயார். பரப்பில்தான் கேள்வி முதல்முறையாகக் கடிக்கிறது.

தேன்மொழி:

அந்த 3-க்கு நான் வருகிறேன். ஸெர் டூவாலிட்டியை ஒரு தடவை போட்டாலே போதும்.

ஈ(−2எச்)-இன் கோஹோமாலஜிக்கு டூவல், ஈ-யின் டூவலை கே + 2எச் ஆல் ட்விஸ்ட் செய்ததின் கோஹோமாலஜி. ரேங்க் 2 பண்டிலுக்கு ஒரு வசதி உண்டு: அதன் டூவல் என்பது அதே பண்டில், டிடர்மினன்டைக் கழித்து ட்விஸ்ட் செய்தது. டிடர்மினன்ட் கே + 3எச் என்று எடுத்துக்கொண்டால், −கே −3எச் + கே + 2எச் = −எச். அதாவது ஈ(−2எச்)-உம் ஈ(−எச்)-உம் ஒன்றுக்கொன்று டூவல். இரண்டு நிபந்தனை ஒன்றாகிவிட்டது. டிடர்மினன்ட் வேறு எதுவாக இருந்தாலும் இது நடக்காது.

இன்னும் கொஞ்சம் கறக்கலாம். ஈ(−எச்)-க்கு செக்‌ஷனே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஈ(−2எச்)-க்கும் இல்லை, ஏனென்றால் அது ஈ(−எச்)-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. டூவாலிட்டிப்படி ஈ(−எச்)-இன் இரண்டாவது கோஹோமாலஜியும் போயிற்று. மிச்சம் முதல் கோஹோமாலஜி மட்டும். ஆய்லர் எண் பூஜ்யமாக இருக்கும்படி இரண்டாவது செர்ன் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் போய்விடும். ஆக மொத்தம் மூன்றே வேலை: டிடர்மினன்ட் கே + 3எச், இரண்டாவது செர்ன் எண் (5எச்² + 3எச்·கே)/2 + 2 × (பரப்பின் ஸ்ட்ரக்சர் ஷீஃப் ஓ-இன் ஆய்லர் எண்), ஈ(−எச்)-க்கு செக்‌ஷன் கூடாது. ஆறு கோஹோமாலஜியைத் துரத்திக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றைத் துரத்தினால் போதும்.

இது கையாலாகாத்தனத்துக்காகச் செய்துகொண்ட வசதி மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ரேங்க் 2 உல்ரிக் பண்டிலுக்கும் முதல் செர்ன் வகுப்பை எச்-உடன் வெட்டினால் 3எச்² + எச்·கே தான் வரும். பரப்பின் பிக்கார்ட் குழுவில் (லைன் பண்டில்களின் குழு) எச்-ஐத் தவிர வேறு ஜெனரேட்டர் இல்லையென்றால், ரேங்க் 2 உல்ரிக் என்றாலே அது ஸ்பெஷல்தான். தப்பிக்க வழி கிடையாது.

அரைப்புள்ளி:

அருமை அக்கா, இப்போது பிடிபட்டது. சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்தேன். ப்ரொஜெக்டிவ் தளத்தை எடுத்து, எச் = ஓ(2) என்று வைத்தேன் (வெரோனீஸ் பரப்பு, படி 4). லைன் பண்டில் ஓ(க) உல்ரிக் ஆக வேண்டுமானால் ஓ(க−2), ஓ(க−4) இரண்டுக்கும் கோஹோமாலஜி இருக்கக்கூடாது. தளத்தில் கோஹோமாலஜியே இல்லாதவை ஓ(−1), ஓ(−2) மட்டும். முதல் நிபந்தனைக்கு க = 0 அல்லது 1; இரண்டாவதற்கு க = 2 அல்லது 3. ஒட்டவே ஒட்டாது. ஆக ரேங்க் 1 இல்லை. ரேங்க் 2-க்கு எதை எடுப்பது?

நேர்கோடு:

கண்ணுக்கு எதிரே இருப்பதையே எடுங்கள்: டேஞ்சன்ட் பண்டில்.

அரைப்புள்ளி:

ஆஹா. ஆய்லர் தொடரை −2 ஆல் ட்விஸ்ட் செய்தால் இடப்பக்கம் ஓ(−2), நடுவில் ஓ(−1) மூன்று பிரதி. இரண்டிலும் கோஹோமாலஜி கிடையாது, ஆகவே மூன்றாவதிலும் கிடையாது. டிடர்மினன்ட் ஓ(3); கே + 3எச் = −3 + 6 = 3. சரியாக இருக்கிறது, எனவே இன்னொரு நிபந்தனையை டூவாலிட்டியே பார்த்துக்கொள்கிறது. செக்‌ஷன் எத்தனை? 3 × 3 − 1 = 8. ரேங்க் × படி = 2 × 4 = 8. செர்ன் எண் சூத்திரம்: (20 − 18)/2 + 2 = 3. டேஞ்சன்ட் பண்டிலுக்கும் 3 தான்!

தேன்மொழி:

நன்று. எச் = ஓ(டி) என்று பொதுவாக எடுத்தாலும் இதே கதைதான் (இங்கே டி பரப்பின் படி அல்ல). ஓ(டி−2)-இன் டி−1 பிரதிகளிலிருந்து ஓ(டி−1)-இன் டி+1 பிரதிகளுக்கு ஒரு பொதுவான மேப் எடுத்து, அதன் கோகெர்னலைப் பாருங்கள். ரேங்க் 2, டிடர்மினன்ட் 3டி − 3. டி = 2 போட்டால் உங்கள் ஆய்லர் தொடரே திரும்பி வரும்.

சுழியம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. "எல்லாம் பூஜ்யம்" என்று ஒரு ஆசைப்பட்டியல் போட்டு, பிறகு அது இருக்கிறதா என்று இருபது வருடம் தேடுவது சுவாரஸ்யமான கணிதமா? இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நேர்கோடு:

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, நூறு வருடத்துக்கும் மேல் பழைய சங்கதி. முப்பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளியில் படி டி உள்ள பரப்பின் சமன்பாட்டை, நேரியல் கோவைகளை உறுப்பாகக் கொண்ட டி × டி அணியின் அணிக்கோவையாக எழுத முடியுமா? கிராஸ்மான் 1855-லேயே மூன்றாம் படிப் பரப்புக்கு இதைச் செய்துவிட்டார். அப்படி எழுத முடிவதும் அந்தப் பரப்பில் உல்ரிக் லைன் பண்டில் இருப்பதும் ஒரே விஷயம். ஸ்மூத்தான மூன்றாம் படிப் பரப்புக்கு இப்படி 72 விதமாக எழுதலாம். ரேங்க் 2 ஸ்பெஷல் என்றால் அணிக்கோவைக்குப் பதில் ஃபாஃபியன் (எதிர் சமச்சீர் அணியின் அணிக்கோவைக்கு வர்க்கமூலம்): 2டி × 2டி எதிர் சமச்சீர் அணி, உறுப்புகள் நேரியல், அதன் ஃபாஃபியன் நம் சமன்பாடு. பரப்பு எந்த ப்ரொஜெக்டிவ் வெளியில் இருந்தாலும் இதே தத்துவம் அதன் சௌ ஃபார்முக்கு (பரப்பை ஒற்றைக் கோவையால் குறிக்கும் வழி) பொருந்தும். ஐசன்பட்டும் ஷ்ரேயரும் அதற்காகத்தான் இதற்குள் வந்தார்கள்.

இரண்டு, ஒரு வெரைட்டியில் ஒரே ஒரு உல்ரிக் ஷீஃப் இருந்துவிட்டால் போதும், அந்த வெரைட்டியில் வரக்கூடிய கோஹோமாலஜி அட்டவணைகளின் கூம்பும் அதே பரிமாணமுள்ள ப்ரொஜெக்டிவ் வெளியின் கூம்பும் ஒன்றே. ஆசைப்பட்டியலில் ஒரு உருப்படி நிறைவேறினால் இவ்வளவு கிடைக்கிறது என்றால், தேடுவதில் தப்பே இல்லை.

சுழியம்:

ஃபாஃபியன் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது, அதை எண்ணிப் பார்க்கலாமே. 2டி × 2டி எதிர் சமச்சீர் அணியில் சுதந்திரமான உறுப்பு டி(2டி−1). ஒவ்வொன்றும் நான்கு மாறிகளில் நேரியல், எனவே 4 கெழு. மொத்தம் 4டி(2டி−1). அணியை இருபுறமும் ஒரே மாற்ற அணியால் பெருக்கினால், மாற்ற அணியின் அணிக்கோவை 1 ஆக இருக்கும் வரை, ஃபாஃபியன் மாறாது. அதற்கு 4டி² − 1 கழிக்க வேண்டும். மிச்சம் 4டி² − 4டி + 1, அதாவது (2டி−1)². மறுபக்கம் படி டி கோவைகளின் வெளியின் பரிமாணம் (டி+3)(டி+2)(டி+1)/6.

டி = 15: இந்தப் பக்கம் 29² = 841, அந்தப் பக்கம் 816. போதும்.
டி = 16: இந்தப் பக்கம் 31² = 961, அந்தப் பக்கம் 969. எட்டு குறைகிறது!

அப்படியானால் படி 16-லிருந்து பொதுவான பரப்பு ஃபாஃபியன் ஆகவே முடியாது. பதினைந்து வரை ஆகும், அதற்கு மேல் இல்லை. கேள்வி முடிந்ததல்லவா?

தேன்மொழி:

பாதி முடிந்தது. 16-இலும் அதற்கு மேலும் "இல்லை" என்பதற்கு உங்கள் எண்ணிக்கையே நிறுவல், அதில் தகராறு இல்லை. ஆனால் 15 வரை "உண்டு" என்பதற்கு எண்ணிக்கை போதாது. 841 என்பது மேல் எல்லைதான். மேப் எங்காவது சப்பையாகி 816-ஐ நிரப்பாமல் விட்டுவிடலாம். ஏதாவது ஒரு அணியில் டெரிவேட்டிவ் முழுமையாகச் சென்று சேர்கிறது என்று காட்ட வேண்டும். போவில் என்ற கணிதவியலாளர் 2000-இல் வெளியிட்டதில் அதைத்தான் செய்தார். அந்தச் சரிபார்ப்பு ஷ்ரேயரின் கணினிக் கணக்கு. ஆகவே பொதுவான பரப்பு ஃபாஃபியன் ஆவது டி 15 அல்லது அதற்குக் கீழ் இருக்கும்போது மட்டுமே.

இதே எண்ணிக்கையை லைன் பண்டிலுக்குப் போட்டால் 2டி² + 2 வரும். டி = 3-க்கு 20, அங்கும் 20; கச்சிதம். டி = 4-க்கு 34, அங்கே 35. ஒன்றே ஒன்று குறைந்து நான்காம் படியிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ரேங்க் 1 ஏன் போதாது என்று கேட்டீர்களே அரைப்புள்ளி, இதுதான் பதில்.

அரைப்புள்ளி:

அப்படியானால் படி 16 உள்ள பொதுவான பரப்பில் உல்ரிக் பண்டிலே இல்லையா?

நேர்கோடு:

உண்டு. ரேங்க் 2-இல் இல்லை, அவ்வளவுதான். ஹைப்பர்சர்ஃபேஸ் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ரேங்க்கில் உல்ரிக் பண்டில் உண்டு என்பது பக்கெலின், ஹெர்சாக், சாண்டர்ஸ் 1988-இல் வெளியிட்டதிலிருந்தே கிடைக்கிறது. எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் நேரியல் உறுப்புகள் கொண்ட அணிகளின் பெருக்கலாக உடைக்கலாம். ஆனால் கோவையில் உறுப்பு கூடக் கூட அணியின் அளவு அடுக்குக்குறியில் எகிறும். இருக்கிறது என்று கையெழுத்துப் போடலாம், கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அதனால்தான் "உண்டா" என்ற கேள்வியை ரேங்க்கோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. வெறுமனே "உண்டு" என்று சொல்வது பாதிப் பேச்சு.

தேன்மொழி:

சரி, இப்போது "உண்டு" பக்கம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த நிறுவல் ஒன்று இருக்கிறது, பத்து வரியில் முடியும். ஜியாமெட்ரிக் ஜீனஸும் இர்ரெகுலாரிட்டியும் பூஜ்யமான பரப்பு (பிஜி = க்யூ = 0), கூடவே ஓ(எச்)-க்கு முதல் கோஹோமாலஜி இல்லை. இந்த நிபந்தனையில் ஸ்பெஷல் உல்ரிக் பண்டில் எப்போதும் உண்டு. கஸ்னாட்டியின் 2017 தேற்றம். போவிலும் இதே வழியில் போயிருக்கிறார்.

பரப்பு என்-பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளியில் இருக்கிறது, ஓ(எச்)-க்கு என்+1 செக்‌ஷன். பரப்பின் மேல் பொதுவான என்+2 புள்ளிகளை எடுங்கள். அந்தத் தொகுப்பு இசட். இடப்பக்கம் ஓ(கே), வலப்பக்கம் இசட்-இல் பூஜ்யமாகும் ஓ(எச்), நடுவில் நாம் தேடும் ஈ(−எச்) என்று ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும். நடுவில் வருவது உண்மையான பண்டிலாக இருக்க கேலி-பக்கராக் நிபந்தனை தேவை: இசட்-இன் ஒரு புள்ளியை விட்டு மற்ற எல்லாவற்றின் வழியாகவும் போகும் ஹைப்பர்பிளேன், விட்டுப்போன புள்ளி வழியாகவும் போக வேண்டும்.

இப்போது பாருங்கள். பொதுவான என்+1 புள்ளிகள் வழியாக ஹைப்பர்பிளேனே கிடையாது. நிபந்தனை தானாகவே நிறைவேறிவிட்டது, சரிபார்க்க ஆளே இல்லாததால்! பண்டில் கிடைத்தது. செக்‌ஷன்? இடப்பக்கம் ஓ(கே)-க்கு இல்லை, பிஜி பூஜ்யம். வலப்பக்கமும் இல்லை, இசட் வழியாக ஹைப்பர்பிளேன் இல்லை. எனவே நடுவிலும் இல்லை. டிடர்மினன்ட் கே + எச், ட்விஸ்டைத் திருப்பினால் கே + 3எச். செர்ன் எண் என்+2 புள்ளிக்குச் சரியாக ஒத்துப்போகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தது.

சுழியம்:

எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறதா என்பது? கேலி-பக்கராக் நிறைவேறினாலே போதுமா, ட்ரிவியல் எக்ஸ்டென்ஷனாகப் போய்விடாதா?

தேன்மொழி:

ட்ரிவியலாக இருந்தால் நடுவில் வருவது பண்டிலே அல்ல, இசட்-இன் புள்ளிகளில் உடைந்திருக்கும். கேலி-பக்கராக் சொல்வதே "உடையாத எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறது" என்பதுதான். ஏன் சரியாக என்+2 என்றும் பாருங்கள். ஓ(எச்)-இன் என்+1 செக்‌ஷன்களை என்+2 புள்ளிகளில் மதிப்பிட்டால், புள்ளிகளுக்கு இடையே ஒரே ஒரு நேரியல் உறவு வரும். பொதுவான நிலையில் அதன் கெழு ஒன்றுகூடப் பூஜ்யமில்லை. அந்த உறவுதான் நம் எக்ஸ்டென்ஷன். என்+1 புள்ளிகள் மட்டும் எடுத்திருந்தால் உறவும் இல்லை, பண்டிலும் இல்லை.

நேர்கோடு:

இதன் வீச்சைக் கவனியுங்கள் நண்பர்களே. என்ரிக்வெஸ் பரப்புகள் முழுக்க இதற்குள் அடங்கிவிடும்: பிஜி = க்யூ = 0, கே எண்ணளவில் பூஜ்யம் என்பதால் ஓ(எச்)-இன் முதல் கோஹோமாலஜியை கொடைரா தேற்றம் துடைத்துவிடுகிறது. மூன்றாம் படிப் பரப்பு, டெல் பெசோ பரப்புகள், ஏன், ஜெனரல் டைப்பில் கோடோ பரப்பு போன்றவைகூட, எச் நன்றாக நடந்துகொண்டால். கொடைரா பரிமாணம் பற்றி நிறுவல் கவலையே படவில்லை.

அரைப்புள்ளி:

பிஜி பூஜ்யம் இல்லையென்றால் எங்கே உடைகிறது? ஓ(கே)-க்கு செக்‌ஷன் வந்துவிடும், அது நேரே ஈ(−எச்)-க்குள் ஏறிவிடும், அதுதானே?

தேன்மொழி:

அதேதான். கே3 பரப்பில் ஓ(கே) = ஓ, கட்டாயம் ஒரு செக்‌ஷன் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்ற வேறு வேலை பார்க்க வேண்டும். அப்ரொது, ஃபார்கஷ், ஒர்த்தேகா மூவரும் 2017-இல் லஸார்ஸ்ஃபெல்ட்-முகாய் பண்டில்கள் வழியாகப் போனார்கள்: பரப்பின் மேல் ஒரு வளைவரை, அதன் மேல் ஒரு லைன் பண்டில், அதிலிருந்து பரப்பின் மேல் ரேங்க் 2 பண்டில். வளைவரையின் மேல் கொஞ்சம் நிபந்தனை தேவைப்பட்டது. 2019-இல் ஃபயென்சி அதையும் எடுத்துவிட்டார். செக்‌ஷன் உள்ள ஒரு பண்டிலை எடுத்து, ஒரு புள்ளியில் வெட்டி, பண்டில் அல்லாத ஒரு ஷீஃபாக வேண்டுமென்றே கெடுத்து, பிறகு அதை டிஃபார்ம் செய்கிறார். டிஃபார்ம் ஆனதும் அது மறுபடி பண்டிலாகிவிடுகிறது, செக்‌ஷனும் போய்விடுகிறது. கெடுத்துச் சரிசெய்யும் வைத்தியம். கே3 எல்லாவற்றிலும் ரேங்க் 2 ஸ்பெஷல் உல்ரிக் உண்டு என்பது முடிவு.

நான்காம் படிப் பரப்பு மட்டும் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. ஜோஷ்குன், குல்கர்னி, முஸ்தோபா 2012: ஸ்மூத்தான நான்காம் படிப் பரப்பு எதுவானாலும் ஃபாஃபியன். பொதுவானது மட்டுமல்ல, எல்லாமே. அங்கே இந்தப் பண்டில்கள் 14 பரிமாணக் குடும்பமாக இருக்கின்றன, இரண்டாவது செர்ன் எண்ணும் 14. இரண்டு பதினான்கும் தற்செயலாக ஒத்துப்போனவை என்றே நினைக்கிறேன்.

நேர்கோடு:

அபீலியன் பரப்புகளுக்குப் போவில் செய்திருக்கிறார், அங்கேயும் ரேங்க் 2. இர்ரெகுலர் பரப்புகள் சிலவற்றுக்கு லோபெஸ். பிஜி பெரிதாகவும் க்யூ பூஜ்யமில்லாமலும் இருக்கும் ஜெனரல் டைப் பரப்புகளில் பொதுவான முறை எதுவும் கிடையாது. ஐசன்பட்-ஷ்ரேயர் கேள்வி பரப்புகளுக்கே இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

சுழியம்:

பதில் "எப்போதும் உண்டு" என்றுதான் வரும் என்று நம்புகிறீர்களா?

நேர்கோடு:

முன்பு நம்பினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், எனக்கு அதில் பக்கச்சார்பு இல்லை. ஆனால் லோக்கல் வளையங்கள் பக்கம் நடந்ததைப் பாருங்கள். அங்கேயும் முப்பது வருடத்துக்கு மேல் இதே கேள்வி. 2021-இல் யீ என்பவர், பரிமாணம் 2-லிருந்து மேலே எல்லாப் பரிமாணத்திலும் உல்ரிக் மாட்யூலே இல்லாத லோக்கல் டொமைன்களைக் கட்டிக் காட்டிவிட்டார். ஸ்மூத்தான ப்ரொஜெக்டிவ் பரப்புக்கு அது நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் "நன்றாக இருக்கிறதே, இருக்கத்தான் செய்யும்" என்ற வாதம் அதோடு செத்துவிட்டது.

அரைப்புள்ளி:

தேன்மொழி அக்காவின் நிறுவலை மூன்றாம் படிப் பரப்பில் ஓட்டிப் பார்த்தேன். என் = 3, ஆகவே 5 புள்ளிகள். கே = −எச், எனவே இடப்பக்கம் ஓ(−எச்). எல்லாவற்றையும் எச்-ஆல் ட்விஸ்ட் செய்தால்: ஓ, பிறகு ஈ, பிறகு இசட்-இல் பூஜ்யமாகும் ஓ(2எச்). அதாவது ஈ-யின் ஒரு செக்‌ஷன் சரியாக அந்த 5 புள்ளிகளில்தான் பூஜ்யம். சூத்திரத்தில் செர்ன் எண்ணும் (15 − 9)/2 + 2 = 5. ஆக எந்த ஸ்மூத்தான மூன்றாம் படிப் பரப்பும் 6 × 6 ஃபாஃபியன்!

அப்புறம் ஒன்று கவனித்தேன். படி 3, 4, 5-க்குச் செர்ன் எண் முறையே 5, 14, 30. இது 1+4, 1+4+9, 1+4+9+16. வர்க்கங்களின் கூட்டல். ஏன்?

தேன்மொழி:

நல்ல கண். புள்ளிகளின் ஹில்பர்ட் கணக்கைப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் அரித்மெட்டிக்கலி கோரென்ஸ்டைன், எனவே அவற்றின் எச்-வெக்டர் (ஹில்பர்ட் சார்பின் அடுத்தடுத்த வேறுபாடுகள்; இந்த எச் ஹைப்பர்பிளேன் வகுப்பு அல்ல) முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருக்கும்: படி 3-க்கு 1, 3, 1, படி 4-க்கு 1, 3, 6, 3, 1, படி 5-க்கு 1, 3, 6, 10, 6, 3, 1. முக்கோண எண்கள் ஏறி இறங்குகின்றன. அடுத்தடுத்த இரண்டு முக்கோண எண்களைக் கூட்டினால் வர்க்கம், மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள். போவிலின் அளவுகோலும் இதுவே: இத்தகைய புள்ளித் தொகுப்பு பரப்பின் மேல் இருந்து, அது படி டி−2 உள்ள எந்தப் பரப்பிலும் அடங்காமல் இருந்தால் பரப்பு ஃபாஃபியன். படி 3-இல் அதன் அர்த்தம், 5 புள்ளியும் ஒரே தளத்தில் இருக்கக்கூடாது என்பது மட்டும்.

சுழியம்:

என் பழைய 961-க்குத் திரும்புகிறேன். படி 16-இல் பொதுவான பரப்பு ஃபாஃபியன் இல்லை, சரி. ஆனால் ஸ்மூத்தான ஒன்றுகூட இல்லையா? ஃபாஃபியன் ஆகும் ஒரு ஸ்மூத் பரப்பைப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

நேர்கோடு:

ஃபெர்மா பரப்பை எடுங்கள்: நான்கு மாறிகளின் 16-ஆம் அடுக்குகளின் கூட்டல். களத்தில் ஒன்றின் மூலங்கள் வேண்டும், கலப்பெண்களில் வேலை செய்வோம். முதல் இரண்டு மாறிகளின் பங்கு 16 நேரியல் கோவைகளின் பெருக்கலாக உடையும். மற்ற இரண்டும் அப்படியே. 16 × 16 அணியில் மூலைவிட்டத்தில் முதல் பதினாறையும், அதற்கு மேலே ஒட்டிய வரிசையில் இரண்டாவது பதினாறையும் போடுங்கள். அந்த வரிசையில் பதினைந்துக்குத்தான் இடம், கடைசி ஒன்று இடது கீழ் மூலையில். மீதி எல்லாம் பூஜ்யம்.

சுழியம்:

அணிக்கோவையில் இரண்டே உறுப்பு வரும்: மூலைவிட்டப் பெருக்கல், சுற்றுப் பெருக்கல். 16 நீளச் சுற்றுக்குக் குறி எதிர்மறை, அதை ஒரு கோவையின் குறியை மாற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அட, அப்படியானால் ஃபெர்மா பரப்பில் உல்ரிக் லைன் பண்டிலே இருக்கிறதே!

தேன்மொழி:

எந்தப் படியிலும். அந்த லைன் பண்டில் எல் என்றால், கே + 3எச் − எல்-உம் உல்ரிக், அதே ஸெர் டூவாலிட்டியால். இரண்டையும் நேர்க்கூட்டல் செய்யுங்கள்: ரேங்க் 2, டிடர்மினன்ட் கே + 3எச், ஸ்பெஷல். அணியாகப் பார்த்தால், மேல் வலத்தில் உங்கள் 16 × 16 அணி, கீழ் இடத்தில் அதன் திருப்பத்தின் எதிர்மறை, மற்ற இரண்டு மூலையிலும் பூஜ்யம். 32 × 32 எதிர் சமச்சீர் அணி, ஃபாஃபியன் குறியளவில் அதே அணிக்கோவை.

அரைப்புள்ளி:

இது இரண்டு துண்டாக உடைகிற பண்டில். உடையாத, ஸ்டேபிளான ரேங்க் 2 ஸ்பெஷல் ஒன்று ஃபெர்மா 16-இல் கிடைக்குமா? எல், கே + 3எச் − எல் இரண்டுக்கும் இடையே ட்ரிவியல் அல்லாத எக்ஸ்டென்ஷன் இருந்தால், நடுவில் வருவதும் உல்ரிக்தானே? இரண்டு பக்கமும் கோஹோமாலஜி இல்லாவிட்டால் நடுவிலும் இல்லை.

தேன்மொழி:

ஆமாம், உல்ரிக், ஸ்பெஷல், இரண்டும். ஆனால் எக்ஸ்டென்ஷனாக வருவது ஸ்டேபிள் ஆகாது, செமிஸ்டேபிள்தான். இரண்டு பக்கமும் ஒரே ஸ்லோப் (முதல் செர்ன் வகுப்பை எச்-உடன் வெட்டி ரேங்க்கால் வகுத்தது). ஸ்டேபிள் வேண்டுமென்றால் அந்த எக்ஸ்டென்ஷனை டிஃபார்ம் செய்து, எக்ஸ்டென்ஷன்களின் குடும்பத்தை விட மொத்தக் குடும்பத்தின் பரிமாணம் பெரிது என்று காட்ட வேண்டும். மூன்றாம் படிப் பரப்பில் கஸனெல்லாஸும் ஹார்ட்ஸ்ஹோர்னும் இப்படித்தான் ஸ்டேபிள் உல்ரிக் பண்டில்களைச் செய்தார்கள். முதலில் எல்-ஐயும் கே + 3எச் − எல்-ஐயும் வெட்டிக்கொள்ளும் எண்ணைக் கணக்கிட்டு, எக்ஸ்டென்ஷன் வெளியின் ஆய்லர் எண்ணைப் போட்டுவிட்டு வாருங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.